தம்பி, அந்த சாக்கோ பை பற்றி

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய பணத்தில் வடலூர் தருமசாலைக்கு அரிசி வாங்கிக் கொடுத்துவிட்டோம். திதியெல்லாம் வேண்டாம், பசித்தவர்களுக்குச் சோறு போடுங்கள் என்று அம்மா சொல்லிவிட்டுப் போனபடியே முதல் வருடம் முடிந்தது. 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பில் நம் அரிசியும் வெந்தது. ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விட்டாய். எல்லோரும் பார்க்கும்படி இங்கே எழுதினால் கடைசிவரை படிப்பாய் என்றுதான் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் படிப்பார்கள், தெரியும். அதனால் வீட்டு விஷயமும் ஆஸ்பத்திரிச் செலவும் இதில் வராது. அதைப் போனில் பேசிக்கொள்ளலாம்.

அன்று திரும்பும்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மளிகைக்கடையில் ஒரு சாக்கோ பை வாங்கினேன். நடுவில் மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாயை வைத்துச் சாக்லேட் பூசிய தின்பண்டம். பத்து ரூபாய். கொரியாவிலிருந்து நீ கொண்டுவந்த பெட்டியைப் பார்த்த நாளிலிருந்து நான் அதைத் தொட்டதே இல்லை. இது லோட்டே கம்பெனியுடையது. நெல்லிக்குப்பத்தில் காபி பைட்டும் லாக்டோ கிங்கும் செய்த பாரி மிட்டாய்க் கம்பெனியை 2004-இல் வாங்கினார்களே, அவர்கள்தான். 2010-இல் சென்னைப் பக்கம் சாக்கோ பைக்கென்றே ஓர் ஆலை போட்டார்கள். நம் ஊரில் விற்பதற்காக நடுவில் இருக்கும் மார்ஷ்மெல்லோவை ஜெலட்டின் இல்லாமல் செய்கிறார்கள். உறையில் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருக்கிறது. நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

வெயிலில் சாக்லேட் இளகி உறையோடு ஒட்டியிருந்தது. கடித்தால் பிஸ்கட் மாதிரி நொறுங்கவில்லை, மெத்தென்று உள்ளே போகிறது. நடுவில் இருக்கும் வெள்ளை, நுங்கு மாதிரி வழுக்காமல் பல்லில் இழுபட்டு மெல்லக் கரைகிறது. சாக்லேட் வாசனை குறைவு, இனிப்பு அதிகம். ஆனால் நன்றாக இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து முழுவதையும் தின்றேன். அம்மாவுக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று அப்போதுதான் புரிந்தது.

2023 தையில் நீ வந்திருந்தாய். அம்மாவின் பிறந்தநாள். முட்டை போட்டிருப்பார்கள் என்று வாழ்நாளில் கேக்கே வெட்டாதவள். நீ அந்தச் சிவப்புப் பெட்டியைப் பிரித்து, தட்டில் வட்டமாக அடுக்கி, அதன்மேல் சின்ன வட்டம், அதற்குமேல் ஒன்று என்று கோபுரமாக்கி மெழுகுவர்த்தி வைத்தாய். கொரியாவில் பிள்ளைகள் இப்படித்தான் பிறந்தநாள் கொண்டாடுவார்கள் என்றாய். பட்டாளத்தில் பயிற்சிக்குப் போகும் பையன்கள் இது கிடைக்கும் என்றே ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் சர்ச்சுக்கும் போவார்கள் என்றாய். "அப்போ பிரசாதம்னு சொல்லு" என்றாள் அம்மா. வடகொரியாவில் தென்கொரியக் கம்பெனிகள் நடத்திய கேசோங் தொழிற்பேட்டையில் வேலை செய்த வடகொரியர்கள், தங்களுக்குக் கொடுத்ததைத் தின்னாமல் பிள்ளைகளுக்கு எடுத்துப்போன கதையைச் சொன்னாய். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவள் இரண்டாவதை எடுத்தாள். பாதியைப் பிட்டு உன் வாயில் வைத்தாள். அவள் முகம் அன்று எப்படி இருந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம்.

அப்புறம் என் பெண் விளையாட்டாகப் போன் கேமராவைப் பெட்டியின் பின்பக்கம் காட்டினாள். கொரிய எழுத்து ஆங்கிலமாக மாறியது. அதில் ஜெலட்டின் என்று வந்தது.

நான் கத்தினேன். பெரியம்மா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது அது, மாடோ பன்றியோ, அம்மாவுக்கு அதைக் கொடுத்துவிட்டாயே என்று கத்தினேன். உனக்குத் தெரியாது என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். இருந்தும் நிறுத்தவில்லை. அத்தனை பேர் முன்னால் உன்னைக் குறுக வைத்ததற்கு மன்னித்துவிடு. ஆனால் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்க என்னால் முடியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் காத்து வந்த நோன்பு அது. அவளிடம் மறைக்க நாம் யார்? நீ அங்கே என்ன சாப்பிடுகிறாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அது உன் வாழ்க்கை. அம்மாவின் தட்டு அப்படியில்லை. ஒரு பெட்டியைத் திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் உனக்கு?

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. யாரிடமும் சொல்லாதே என்றாள். அவள் இருந்தவரை சொல்லவில்லை.

நீ கிளம்பிப் போன பிறகு தைப்பூசம் வந்தது. காலை ஆறு மணி ஜோதி தரிசனத்துக்கு வழக்கம்போல நானும் அவளும் போனோம். கொலை, புலை தவிர்த்தவர்கள், அதாவது உயிரைக் கொல்லாத, மாமிசம் தின்னாதவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று வடலூரில் வள்ளலார் கட்டிய சத்திய ஞான சபையில் எழுதியிருக்குமே, அந்த இடத்துக்கு வந்ததும் என் கையை விட்டுவிட்டாள். "நீ போயிட்டு வா" என்றாள். தெரியாமல் தின்றதில் தோஷமில்லை, வள்ளலார் ஐயா கருணையே உருவானவர், உன்னையா தடுக்கப்போகிறார் என்று எவ்வளவோ சொன்னேன். "எனக்குத் தெரியும்டி. இந்த வருஷம் இங்கேயே நிக்கிறேன்" என்றாள். ஏழு திரையும் விலகி ஜோதி தெரிந்தபோது கூட்டத்துக்குப் பின்னால், வெளியே நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளே இருப்புக் கொள்ளவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் பேசியது ஒரே விஷயம்தான். "புள்ள ஆசையா கொண்டாந்தான். நீ அப்புறமா என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்." உன்மேல் ஒரு சொல் இல்லை. என்மேல்தான்.

அதற்குப் பிறகு நீ கூப்பிடுவது குறைந்தது. வேலை என்றாய். அம்மா நம்பினாள், நான் நம்பவில்லை. நான் கத்தியது என்னோடு உனக்கிருக்கும் கணக்கு. அதற்கு அவள் ஏன் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்? கடைசி மாதங்களில் கஞ்சியை ஊட்டும்போதும் உடம்பு துடைக்கும்போதும் அவள் கேட்டது உன்னைத்தான். நான் பக்கத்திலேயே இருந்தேன், என்னைக் கேட்கத் தேவையில்லை, சரி. இருந்தாலும் வலித்தது. நீ கெட்டவன் என்று இதைப் படிப்பவர்கள் யாரும் நினைத்துவிட வேண்டாம். மருந்துக்குப் பணம் ஒரு மாதமும் தவறியதில்லை. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கூடம் போகாமல் என் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பையன் இவன்.

அம்மா உன்னைக் கோபித்துக்கொண்டு போய்ச்சேர்ந்தாள் என்று நீ பெரியம்மாவிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது பொய், தம்பி. அந்தச் சிவப்புப் பெட்டியை அவள் தூக்கிப்போடவில்லை. அதில்தான் நூல்கண்டும் பொத்தானும் போட்டு வைத்திருந்தாள். இப்போது என் பீரோவில் இருக்கிறது. உனக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள், கொடுக்க எனக்கு மனசில்லை என்றாலும் கொடுப்பேன்.

வருகிற தைப்பூசத்துக்கு வா. உள்ளே போக உன் மனசு இடம் கொடுக்காவிட்டால் போக வேண்டாம். அம்மா நின்ற இடம் எனக்குத் தெரியும். நானும் உன்னோடு வெளியிலேயே நிற்கிறேன். டிக்கெட் போட்டதும் கூப்பிட்டுச் சொல், கட்டைவிரல் போடாதே.

உன் அக்கா