பெயர் சொல்லாமல் போன அண்ணனுக்கு நன்றி

என் பழைய பிக்கப்பில் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் (பின்னால் இழுக்கும் டிரெய்லரின் மின்சார பிரேக்கை வண்டிக்குள்ளிருந்தே இயக்கும் கருவி) மாட்ட உதவிய அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. இந்த வண்டியில் அதற்கென்று பிளக் எதுவும் கிடையாது. நான்கு வயரையும் தனித்தனியாக இழுக்க வேண்டும். கறுப்பு பேட்டரிக்கு, வெள்ளை எர்த்துக்கு, நீலம் பின்னால் டிரெய்லர் சாக்கெட்டுக்கு. சிவப்புதான் சிக்கல், அது பிரேக் பெடல் சுவிட்சில் சேர வேண்டியது. டெஸ்ட் லேம்பை என் கையிலேயே கொடுத்து, பெடலை மிதித்தால் மட்டும் எரிகிற வயரைக் கண்டுபிடிக்க வைத்தீர்கள். எப்போதும் 12 வோல்ட் இருக்கிற வயரில் சேர்த்தால் டிரெய்லர் பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளலாம் என்று எவ்வளவு பொறுமையாக விளக்கினீர்கள்!

பேட்டரி பக்கத்தில் சர்க்யூட் பிரேக்கர் போடாமல் விடமாட்டேன் என்று நின்றீர்களே, அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பொதுவாக டிரெய்லரில் இரண்டு சக்கரத்துக்கு பிரேக் இருந்தால் 20 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர், நான்குக்கு இருந்தால் 30. அப்புறம் காலிச் சாலையில் மெதுவாக ஓட்டி, டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளாத அளவுக்கு கெயினை, அதாவது டிரெய்லர் பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்ற அளவை, சரிசெய்தோம்.

இப்போது சுமையோடு இறக்கத்தில் போனாலும் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுவதில்லை. இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அண்ணா, நேரில் வந்து நன்றி சொல்ல வேண்டும்.