சாக்குத் துணிக்கு இஸ்திரி போட்டவருக்கு

சென்னைப் புறநகரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து ஆட்களுக்கு 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. 2015 வெள்ளத்தையும் பார்த்தவர்கள் நாம். தண்ணீர் எத்தனை அடி வந்தது, எப்போது வடிந்தது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கைவிடப்பட்ட நாய்களைப் பராமரித்துத் தத்துக் கொடுக்கும் எங்கள் வீட்டில் இன்னும் சேற்று வாடை போகவில்லை, தூக்கமும் சரியில்லை. எழுத்தில் கோர்வை இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய நாய்களை மொட்டை மாடிக்குத் தூக்கிக் கொடுத்த பக்கத்துத் தெருப் பையன்கள், படகில் அரிசியும் சலைன் பாட்டில்களும் கொண்டுவந்து இறக்கிய மீனவத் தம்பிகள், தோலுக்கடியில் சலைன் ஏற்றுவது எப்படி என்று செல்போனில் சார்ஜ் தீரும்வரை சொல்லிக்கொடுத்த கால்நடை மருத்துவர், கடை திறந்த முதல் நாளே கோழிக் கழுத்தும் காலும் காசு வாங்காமல் கொடுத்த கறிக்கடை பாய், எல்லோருக்கும் நன்றி. பாலுக்குச் சென்னையே அலைந்துகொண்டிருந்தபோது தன் வீட்டுப் பாக்கெட்டை நாய்க்குட்டிகளுக்கென்று கொண்டுவந்த அம்மாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். வயிற்றோட்டம் கண்ட குட்டிக்குப் பால் ஆகாது. நீங்கள் கொடுத்தது மூன்றாம் வீட்டுக் கைக்குழந்தைக்குப் போனது. கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

இப்போது இஸ்திரி அண்ணன். பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

மழைக்குச் சற்று முன்னால் யாரோ அட்டைப்பெட்டியில் வைத்து எங்கள் கேட்டடியில் விட்டுப்போன நாட்டு நாய்க்குட்டிகளுக்குப் பார்வோ கண்டுவிட்டது. குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய் அது. இந்தக் கிருமியை நேராகக் கொல்லும் மருந்து எங்கள் கையில் இல்லை. வாந்தியிலும் ரத்தக் கழிச்சலிலும் போகிற நீரைச் சலைனால் ஈடுகட்ட வேண்டும், வேறு தொற்று சேராமல் ஆன்டிபயாடிக் போட வேண்டும், உடம்பு குளிராமல் காக்க வேண்டும். மீதியைக் குட்டிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். நாய்க்கு 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட் இருப்பதே இயல்பு. இவையோ தொட்டால் தவளை மாதிரி சில்லிட்டிருந்தன. வழக்கமாகப் பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுவோம். மின்சாரம் எங்கே இருந்தது?

அவை நனைத்த சாக்கையும் பழைய புடவையையும் ப்ளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்து அலசிவிடலாம், மழைத்தண்ணீருக்குப் பஞ்சமில்லை. காயவைக்கத்தான் வழியில்லை. மாடிப்படிக் கைப்பிடியில் போட்ட சாக்கு மறுநாளும் பிசுபிசுத்தது. ஈரச் சாக்கில் கிடக்கும் பார்வோ குட்டிக்கு எத்தனை பாட்டில் ஏற்றியும் பயனில்லை.

எங்கள் தெருமுனையில் பூவரச மரத்தடியில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடுபவர் அவர். நாய் என்றால் நடுக்கம். சிறுவயதில் கடிபட்டு, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட தலைமுறை. எங்கள் வீட்டைக் கடக்க நேர்ந்தால் வண்டியைத் தெருவின் மறுபக்கமாகத் தள்ளிக்கொண்டு போவார். தண்ணீர் ஏறியபோது அவரும் மனைவியும் எதிர்வீட்டு மாடியில் தஞ்சம் புகுந்தார்கள். தட்டுமுட்டுச் சாமான்களெல்லாம் போய்விட்டன. இஸ்திரிப் பெட்டியையும் தொட்டாங்குச்சிக் கரி மூட்டையையும் மட்டும் நனையாமல் தூக்கிவந்திருந்தார்.

தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் வந்து கேட்டுக்கு வெளியே, கையெட்டாத தூரத்தில் நின்றார். “அம்மா, இந்தச் சாக்கு இப்படிக் கிடந்தால் பொங்கலுக்குத்தான் காயும். இங்கே கொடுங்கள்” என்றார்.

எதிர்வீட்டுப் படிக்கட்டில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். பெட்டியை வைத்ததும் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். சணல் கருகிவிடாமல் மேலே ஒரு வேட்டியை விரித்து, திருப்பித் திருப்பித் தேய்ப்பார். கங்கு மங்கினால் விசிறிவிட்டு மறுபடியும் தேய்ப்பார். சூடு ஆறுவதற்குள் மடித்துக் கேட்டுக்கு மேல் நீட்டுவார். நான் வாங்கி ஓடிப்போய்க் குட்டிகளுக்கு அடியில் விரிப்பேன். அது ஆறும்போது அடுத்தது தயாராக இருக்கும். இஸ்திரிச் சூட்டில் கிருமி செத்துவிடுமா என்று சிலர் கேட்டார்கள். அது ப்ளீச்சிங் பவுடரின் வேலை. எங்களுக்கு வேண்டியிருந்தது காய்ந்த துணியும் கொஞ்சம் கதகதப்பும்தான். இருட்டிய பிறகும், ஒரு டார்ச் வெளிச்சத்தில், அவர் நிறுத்தவில்லை.

பணம் கொடுக்கப் போனேன். “சட்டைக்கு இவ்வளவு, புடவைக்கு இவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. சாக்குக்கு உருப்படிக் கூலி யாரம்மா வைத்திருக்கிறார்கள்?” என்று சொல்லிவிட்டார். தெருவே சேற்றில் கிடந்தபோது அவருக்கு ஒரு சட்டைகூட வந்திருக்காது. அந்தக் கரி அவருடைய அடுத்த வாரப் பிழைப்பு.

எல்லாக் குட்டிகளும் பிழைக்கவில்லை. கறுப்பும் செவலையும் பிழைத்தன. தினமும் காலையில் வெளியே நின்று “கறுப்பு எழுந்ததா?” என்று கேட்பார், உள்ளே எட்டிப் பார்க்கமாட்டார். அது எழுந்து நின்று கஞ்சித் தண்ணீர் குடித்த அன்று, ஆசையாகத் தூக்கிவந்து கேட்டுக்கு மேல் காட்டினேன். இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். “நன்றாக இருக்கட்டும். அங்கேயே இருக்கட்டும்” என்றார். இன்றைக்கும் அதே பயம்தான்.

நாய்ப்பிரியர் என்று சொல்லிக்கொள்பவர்களிடமிருந்துதான் எனக்குத் தொல்லை அதிகம். குழந்தை பிறக்கப்போகிறது, புது வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை, தோலில் சொறி வந்துவிட்டது, நாயை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வருஷம் முழுவதும் தொலைபேசி அழைப்புகள். மாடிக்குத் தூக்கினோமே, அந்த லாப்ரடார், அதை வளர்த்தவர்கள் தங்கள் கேட்டில் சங்கிலியால் கட்டிப்போட்டுவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பிப் போயிருந்தார்கள். கழுத்தளவு தண்ணீரில் மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. அவிழ்த்துவிட்டிருந்தால் நீந்திக் கரையேறியிருக்கும். நீந்தவே பிறந்த ஜாதி அது. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு அந்தக் கொக்கியை எடுக்க ஒரு நொடி இல்லை.

ஆகவே, தத்துக் கொடுக்கும்போது எழுதி வாங்கும் உறுதிமொழித் தாளில் தடுப்பூசி, கருத்தடை என்ற வரிகளுக்குக் கீழே இன்னொன்றைச் சேர்த்துவிட்டேன்: வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தால் நாயையும் கூட்டிச்செல்வேன், முடியாதபட்சத்தில் சங்கிலியை அவிழ்த்துவிட்டாவது போவேன். கையெழுத்துப் போடத் தயங்குபவருக்கு நாய் கிடையாது, அவர் யாராக இருந்தாலும் சரி. இனி ஐப்பசி பிறக்கும் முன்பே எங்கள் பரணில் உலர்ந்த சாக்கும் ஒரு மூட்டைக் கரியும் இருக்கும்.

பார்வோ வந்துபோன மண்ணில் கிருமி மாதக்கணக்கில் தங்கும். தடுப்பூசி முடியாத குட்டியோடு யாரும் இப்போது இங்கே வராதீர்கள். தயவுசெய்து பெட்டியில் வைத்துவிட்டும் போகாதீர்கள். செவலைக்கு வீடு பேசியாகிவிட்டது. கறுப்புக்கு இன்னும் இல்லை. பெண் குட்டி, நாட்டு நாய், கறுப்பு நிறம் என்று, தத்தெடுக்க வருபவர்கள் தட்டிக்கழிக்கும் மூன்று காரணங்களும் அதனிடம் உண்டு. இன்னும் சில வாரங்கள் தனியே வைத்திருந்து, ஊசி போட்டுத்தான் கொடுப்பேன். அதுவரை யோசியுங்கள்.

இஸ்திரி வண்டி மறுபடியும் பூவரச மரத்தடிக்கு வந்துவிட்டது. தெருக்காரர்கள் பீரோவில் நனைந்ததையெல்லாம் துவைத்து மலையாகக் குவித்து வைத்திருப்பீர்கள். அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். சில்லறையாக எடுத்துப் போங்கள். அவரிடம் கூகுள் பே கிடையாது.