பேச வருபவர் பழுதான கேபிளையும் கொண்டுவரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவை, ஈரோடு, சேலம் வட்டாரக் கல்லூரிகளில் ஒலிபரப்புப் பொறியியல் பயிற்சிக்கு அழைப்பிதழ் அடிக்கும்போது, சிறப்புப் பேச்சாளரின் பதவிகள் நாலு வரிக்கு இருக்கும். அவர் கையால் எதைச் சரிசெய்தவர் என்பது ஒரு வரியிலும் இருக்காது. பேச்சும் அப்படியே அமைகிறது. வானொலியின் வரலாறு கால் மணி நேரம், டிஜிட்டலின் எதிர்காலம் அரை மணி நேரம், பிறகு பொன்னாடை, குழுப்படம். மறுநாள் கல்லூரியின் சமுதாய வானொலியில் ரிஃப்ளெக்டட் பவர் (ஆன்டெனா ஏற்காமல் டிரான்ஸ்மிட்டருக்கே திரும்பி வரும் பவர்) ஏறினால் யாரைக் கூப்பிடுவது என்றுதான் எல்லோரும் தேடுகிறார்கள்.

பேச்சாளரை முடிவு செய்யும் முன் ஒன்றே ஒன்று கேட்டால் போதும். கடைசியாக நீங்கள் கண்டுபிடித்த பழுது எது, எந்த மீட்டரால் கண்டுபிடித்தீர்கள்? பதில் வராதவரைத் தொடக்க விழாவுக்கு அழைக்கலாம், தவறில்லை. பயிற்சிக்கு வேண்டாம். ஒருவரே எல்லாவற்றையும் பேசுவதும் சரிப்படாது. டிரான்ஸ்மிட்டரும் ஆன்டெனாவும் ஒருவர், ஸ்டுடியோ ஒலி ஒருவர், ஐ.பி. வலையமைப்பு ஒருவர், மின்சாரமும் எர்த்தும் ஒருவர் என்று நாலு பேர் வேண்டும். ஆளுக்கு 40 நிமிடம் பேச்சு, 2 மணி நேரம் மேசை வேலை. ஒரு மேசைக்கு ஆறு மாணவர்களுக்கு மேல் நின்றால் பின்னால் இருப்பவருக்கு மீட்டர் தெரியாது.

மேசை வேலை என்றால் என்ன என்பதற்கு ஓர் உதாரணம். சமுதாய வானொலிக்குப் பெரும்பாலும் 50 வாட் டிரான்ஸ்மிட்டர், 30 மீட்டருக்கு மேற்படாத கோபுரம். வேண்டிய சாமான்: ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோடு இரண்டு, அவற்றைச் சேர்க்க என் டைப் டி கனெக்டர் ஒன்று, ஆன்டெனாவுக்குப் போடும் ஆர்.ஜி. 213 கேபிள் 30 மீட்டர், போகும் பவரையும் திரும்பும் பவரையும் காட்டும் மீட்டர் ஒன்று. இரண்டு லோடையும் டி கனெக்டரில் சேர்த்தால் 25 ஓம் ஆகிவிடும். அதாவது ஸ்டாண்டிங் வேவ் ரேஷியோ (ஆன்டெனாவின் பொருத்தத்தைக் காட்டும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 2 உள்ள மோசமான ஆன்டெனா தயார். அதை டிரான்ஸ்மிட்டரின் வாயிலேயே, மீட்டருக்கு அடுத்து மாட்டி 20 வாட் கொடுத்தால் 2.2 வாட் திரும்பும். இனி அதே லோடை 30 மீட்டர் கேபிளின் மறுமுனையில் மாட்டிப் பாருங்கள். திரும்புவது 0.9 வாட்தான், மீட்டர் ரேஷியோவை 1.5 என்று நல்ல பிள்ளையாகக் காட்டும். இந்தக் கேபிளில் 100 மெகாஹெர்ட்சில் சுமார் 2 டெசிபல் இழப்பு. போகும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் தின்றுவிடுகிறது. ஆன்டெனா திருந்தவில்லை, கேபிள் அதன் குற்றத்தை மறைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அனுபவமுள்ளவர் இந்த இடத்தில்தான் அடுத்ததைச் சொல்வார். கனெக்டரின் ரப்பர் டேப் விட்டுப்போய் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால், பின்னல் கம்பி கறுத்துக் கேபிளின் இழப்பு இன்னும் கூடும். இழப்பு கூடக் கூட கீழே உள்ள மீட்டர் ஆன்டெனாவை இன்னும் நல்லதாகவே காட்டும். அறையில் எல்லாம் சரியாக இருக்கும், எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர்க்காரர் மட்டும் கேட்கவில்லை என்பார். ஆகவே மேலே, ஆன்டெனாவின் அடியிலும் ஒரு முறை அளக்க வேண்டும். கறுத்துப்போன கேபிளில் ஒரு சாண் வெட்டிக் கொண்டுவரும் பேச்சாளர், ஐம்பது படங்களோடு வருபவரைவிட மேல். அரை அங்குல ஃபோம் கேபிள் போட்டால் அதே 30 மீட்டருக்கு இழப்பு 0.7 டெசிபலுக்குள் அடங்கும். கல்லூரி நிர்வாகத்திடம் பணம் கேட்பவருக்கு இந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும்.

ஸ்டுடியோ ஆள் வந்தால் இரைச்சலைப் பற்றிப் பேசட்டும். செல்போனிலேயே ஸ்பெக்ட்ரம் காட்டும் செயலி இருக்கிறது. மின்சாரத்தின் 50 ஹெர்ட்சும் அதன் மடங்குகளும் தெரிந்தால் எர்த் லூப் (கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தில் சேர்வதால் உண்டாகும் வளையம்) பக்கம் தேட வேண்டும். 50 அநேகமாக இல்லாமல் 100 மட்டும் ஓங்கி நின்றால் பவர் சப்ளையில் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கிறது என்று பொருள். எர்த் லூப்புக்கு, ஒலிக் கேபிளின் எக்ஸ்.எல்.ஆர். கனெக்டரில் உறைக் கம்பி சேரும் 1-ம் முனையை, ஒலியை வாங்கும் பக்கம் மட்டும் விடுவிப்பார்கள். அதற்குப் பதில் மின்சார மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை வெட்டுகிற பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அது ஆளைக் கொல்லும். வெளிநாட்டு எக்சைட்டரில் (ஒலியை எஃப்.எம். அலையில் ஏற்றும் கருவி) ப்ரீ எம்பஸிஸ் (கீச்சு ஒலிகளைத் தூக்கி அனுப்பும் அமைப்பு) 75 மைக்ரோ செகண்டில் இருந்தால் இந்தியாவுக்குரிய 50-க்கு மாற்ற வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிடலாம். மாற்றாவிட்டால் 10 கிலோஹெர்ட்சில் 3 டெசிபலுக்கு மேல் கூடிப்போய், அறிவிப்பாளரின் சகரமெல்லாம் சீறும்.

ஐ.பி. ஒலியில், அதாவது கணினி வலையமைப்பு வழியாகப் போகும் ஒலியில், பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். நேரம் குறைவாகப் போதும். ஆனால் ஒலி சரியாக நாலு நிமிடம் சொச்சம் ஓடி நின்றுவிட்டால் மென்பொருளைக் குறை சொல்லாமல், நெட்வொர்க் சுவிட்சில் ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங் (கேட்ட கருவிக்கு மட்டும் ஒலியை அனுப்பும் வசதி) இருந்து க்வெரியர் (இன்னும் வேண்டுமா என்று அவ்வப்போது விசாரிக்கும் கருவி) இல்லையா என்று பார்க்கச் சொல்லித்தர வேண்டும். விசாரிப்பு இல்லாவிட்டால் சுவிட்ச் ஒலியை நிறுத்தும் அந்த நேரக் கணக்கு வழக்கமாக 260 வினாடி.

எர்த் பற்றிப் பேசுபவர் உள்ளூர்க்காரராக இருப்பது நல்லது. காங்கேயம், பல்லடம் பக்கம் பல இடங்களில் மண்வெட்டி சீக்கிரமே சுக்காம்பாறையில் மோதும். ஐப்பசி மழையில் நன்றாக இருந்த எர்த் குழி சித்திரை வெயிலில் பல மடங்கு ஓம் காட்டும். கோடை இடி வருவதும் அதே சித்திரையில்தான். ஆகவே அளப்பதும் அப்போதே நடக்க வேண்டும். குழியின் இணைப்பைக் கழற்றி, எர்த் டெஸ்டரின் மின்னோட்டக் கம்பியைக் குழியிலிருந்து 30 மீட்டரில் அடித்தால், மின்னழுத்தம் பார்க்கும் நடுக் கம்பி 18 அல்லது 19 மீட்டரில். நடுக் கம்பியை இப்படியும் அப்படியும் ஒன்றிரண்டு மீட்டர் நகர்த்தினாலும் அளவு மாறக் கூடாது. மாறினால் தூரம் போதவில்லை.

கோபுரம் ஏறும் தொழிலாளியையும் பேச்சாளராக அழைக்க வேண்டும். பட்டம் இல்லை என்று தயங்குகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் அடிக்கும் அடிக்கு எந்தக் கிளாம்ப் தளரும், கேபிள் எங்கே உரசும் என்று அவருக்குத்தான் தெரியும். ஆள் மேலே இருக்கும்போது டிரான்ஸ்மிட்டரின் சாவி ஏறுபவர் பையில் இருக்க வேண்டும் என்பதை அவர் வாயால் கேட்டால் மாணவர் மறக்க மாட்டார்.

பிரசார் பாரதியின் பயிற்சி அகாடமி டெல்லியில் இருக்கிறது. ஒவ்வொரு சின்ன நிலையத்திலிருந்தும் அவ்வளவு தூரம் ஆள் அனுப்ப முடியாது. நம் மாவட்டங்களிலேயே ஓய்வுபெற்ற பொறியாளர்கள் இருக்கிறார்கள். பேருந்துச் செலவும் ஒரு நாள் ஊதியமும் கொடுத்து, தமிழிலேயே பேசச் சொல்லி அழைக்கலாம். பொன்னாடைச் செலவு மிச்சம். நாள் குறிப்பதென்றால் புரட்டாசி முதல் வாரம் தோது. காற்று அடங்கியிருக்கும், வடகிழக்கு மழை தொடங்கியிருக்காது. பயிற்சி முடிந்த கையோடு மாணவர்கள் தங்கள் கோபுரத்தின் கனெக்டர்களைப் பிரித்துப் பார்த்துப் புது டேப் சுற்றிவிடலாம்.

ஒலிபரப்புத் தொழில்நுட்பப் பணியில் உள்ள வாசகர்கள் சிலர்,
ஈரோடு.