ஜூமரை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்

மெட்ராய்டு வீடியோ விளையாட்டுகளை உருவாக்கும் குழுவினருக்கு,

வணக்கம். அடுத்த இருபரிமாண மெட்ராய்டை யோசிக்கும்போது ஒரு சின்ன ஜீவனை மறந்துவிடாதீர்கள். பெரிய எதிரிகளான ரிட்லிக்காகவும் கிரெய்டுக்காகவும் பேச எத்தனையோ ரசிகர்கள் இருக்கிறார்கள். நான் ஊர்ந்து திரியும் குட்டி எதிரியான ஜூமருக்காக எழுதுகிறேன்.

1986இல் வந்த முதல் மெட்ராய்டில், முதல் பகுதியான பிரின்ஸ்டாரில் ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அதைப் பார்த்துவிடலாம். முதுகெல்லாம் முள். மேடையின் மேல் ஊர்ந்து, விளிம்பு வந்ததும் கீழே விழாமல் பக்கவாட்டில் இறங்கி, அடிப்பக்கத்தில் தலைகீழாகப் போய், மறுபக்கம் ஏறி வரும். செக்குமாடு மாதிரி ஒரே சுற்று. முன்னால் சுவர் இருந்தால் ஏறும். காலடியில் தரை முடிந்தால் விளிம்போடு திரும்பும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நாம் ஆடும் நாயகி சாமுஸ் எங்கே நிற்கிறாள் என்று அது பார்ப்பதே இல்லை.

ஆனால் அந்த ஆட்டத்தில் சாமுஸுக்குக் குனியத் தெரியாது. நேராகச் சுடுவாள், மேலே சுடுவாள். தொடக்கத்தில் அவள் சுடும் கதிரான பீமும் கொஞ்ச தூரம் போய் மறைந்துவிடும். ஜூமர் தரையில் வந்தால் சுட்டதெல்லாம் அதன் தலைக்கு மேலே போகும். தாண்டிக் குதிக்க வேண்டியதுதான். அதுவே மேடையின் பக்கவாட்டில் ஏறும்போது நேராக அடிக்கலாம். தலைக்கு மேல் தொங்கிக்கொண்டு போனால் அடியில் நின்று அடிக்கலாம். இது புரியாமல் முதல் சில அறைகளிலேயே நான் திரும்பத் திரும்பச் செத்தேன். அப்புறம் ஒரு மேடைக்கு அருகில் சும்மா நின்று, இரண்டு சுற்று பார்த்தேன். மூன்றாவது சுற்றில் அது என் உயரத்துக்கு வரும்வரை பொறுத்திருந்து சுட்டேன். திரையில் ஒரு வரி விளக்கம்கூட வரவில்லை. மெட்ராய்டை எப்படி ஆட வேண்டும் என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

ஐஸ் பீம் கையில் வந்த பிறகு இன்னொரு மாற்றம். இத்தனை நேரம் தொந்தரவு செய்ததையே உறையவைத்து, அதன் மேல் ஏறி உயரமான இடத்துக்குப் போகலாம்.

2017இல் வந்த ‘சாமுஸ் ரிட்டர்ன்ஸ்’ விளையாட்டிலிருந்து, பாய்ந்து வரும் எதிரியைத் தட்டிவிடும் கவுன்டர் அடி சேர்ந்தது. 2021இல் ‘டிரெட்’டில் ஓடிக்கொண்டே அடிக்க முடிந்தபோது அது இன்னும் நன்றாக அமைந்தது, அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் கவுன்டர் இருப்பதாலேயே எதிரில் வருவதெல்லாம் நம்மைக் கண்டதும் பாய்கிறது. பாய்வதைத் தட்டிவிட்டுச் சுட்டால் முடிந்தது. எந்த உயிரையும் நின்று கவனிக்க வேண்டிய தேவையே இல்லை. கிரகம் முழுக்க நமக்காகவே காத்திருந்தது போல ஆகிவிடுகிறது. ஜூமர் அப்படியில்லை. நாம் வருவதற்கு முன்பும் அது சுற்றிக்கொண்டிருந்தது, நாம் போன பிறகும் சுற்றும். பழைய ஆட்டத்தின் ஸீபஸ் கிரகம் ஒரு நிஜமான இடமாகத் தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி குழுவினர் ‘ஹாலோ நைட்’ விளையாட்டின் தொடக்கப் பகுதிகளிலேயே டிக்டிக் என்ற பூச்சியை இப்படித்தான் மேடைகளைச் சுற்றி ஊரவிட்டிருக்கிறார்கள். இன்றைக்கு ஆடுகிறவர்களுக்கும் அது பிடிக்கத்தான் செய்கிறது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த விளையாட்டின் முதல் அறைகளில் நாலைந்து ஜூமர்களை விட்டுவையுங்கள். பக்கத்தில் போனாலும் அவை பாய வேண்டாம். மேடையைச் சுற்றிக்கொண்டே இருக்கட்டும்.

அன்புடன்,
மெட்ராய்டு ரசிகன் ஒருவன்