நடிக்கிறான் என்றார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடங்காத பிள்ளைகளைக் காட்டில் வைத்துத் திருத்துவதாகச் சொல்லும் அமெரிக்க வனமுகாம்கள் பற்றிச் சென்ற வார இணைப்பில் வந்த கட்டுரையை நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றபடி படித்தேன். கேட் திறப்பதற்குள் இரண்டு முறை படித்துவிடலாம் என்பது தாங்கள் அறியாததல்ல. அந்தக் கேட்டைப் பற்றி நான் எழுதிய மூன்று கடிதங்களும் தங்கள் அலுவலகத்தில்தான் கிடக்கின்றன. "செல்போனைப் பிடுங்கிக்கொண்டு காட்டில் விட்டால் அடங்காத பிள்ளையும் இருபது நாளில் அடங்கிவிடும்" என்று அதில் ஒரு வரி. மாடு பழக்குகிறவர்கூட இப்படிப் பேசமாட்டார்.

யூட்டா பாலைவனத்து ராத்திரியைக் கட்டுரையாளர் அழகாகத்தான் வர்ணித்திருக்கிறார். அதே யூட்டாவில் 1990களில் முகாமுக்குப் போன பிள்ளைகள் செத்தது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. 2007இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு இப்படிப்பட்ட 10 சாவுகளை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. பிள்ளை துவண்டு விழுந்தபோதும் "நடிக்கிறான்" என்று விட்டுவிட்ட கதை அதில் வருகிறது. 2024 பிப்ரவரியில் வட கரோலினாவில் 12 வயதுப் பையன் ஒருவன் முகாமுக்குள் நுழைந்த மறுநாள் காலையே இறந்துகிடந்தான். மூச்சுத் திணறல். அப்புறம்தான் அரசு உரிமத்தைப் பறித்தது.

"நடிக்கிறான்" என்ற அந்தச் சொல்லை நாங்களும் கேட்டிருக்கிறோம்.

என் தங்கை மகன் பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு எங்கள் ஊரில் ஆறு பிரிகிற மூணாறு தலைப்பில் போய் உட்கார்ந்திருப்பான். ராத்திரி முழுக்க போன். தகப்பன் சிங்கப்பூரில். மலையடிவாரத்தில் 'ஆளுமைப் பயிற்சி முகாம்' என்று ஒரு நோட்டீசைப் பார்த்து 18,000 ரூபாய் கட்டியது தங்கை இல்லை, நான்தான். விடியற்காலை நாலரைக்கு வேன் வந்தது. அவனிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், ஓடிவிடுவான் என்று அவர்களே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எட்டாம் நாள் போன் செய்தேன். "கால் வலி என்று நடிக்கிறான் சார், நீங்கள் பேசினால் இன்னும் கெட்டுவிடுவான்" என்றார்கள். சரி என்று வைத்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது வலது குதிகால் சீழ் கட்டியிருந்தது, உள்ளே முள். மன்னார்குடியில் கீறி எடுத்தார்கள், ஆறிவிட்டது. ஆனால் வந்த அன்று மத்தியானம் இலையில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றியும் அவன் கை வைக்கவில்லை. "சாப்பிடலாமா மாமா?" என்று கேட்டான். கொல்லைப்பக்கம் போவதற்கும் எழுந்து நின்று கையைத் தூக்கினான். தங்கை அடுப்படிக்குள் போய்விட்டாள். தாங்கள் 'அடங்குவது' என்று அச்சிட்டது இதைத்தானா?

வெளிக்காற்று வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாங்களெல்லாம் வெண்ணாற்றில் குதித்து வளர்ந்தவர்கள். இப்போது ஜூன் 12, பாசனத்துக்கு அணை திறப்பு என்று மேட்டூரில் மலர் தூவுகிற படம் தங்கள் முதல் பக்கத்தில் வந்துவிடுகிறது. கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வந்தது என்று யார் எழுதுகிறார்கள்? பள்ளியில் பி.டி. பீரியடில் கணக்கு நடக்கிறது. இதையெல்லாம் எழுதினால் இடமில்லை என்பீர்கள். 2018 கஜா புயலில் தென்னை சாய்ந்தது பற்றி நான் அனுப்பிய இரண்டு பக்கத்தை நாலு வரியாக நறுக்கிய கத்தரிக்கோல், இந்தக் கட்டுரைக்கு அடியிலேயே வந்த முகாம் விளம்பரத்தைத் தொடாமல் அரைப் பக்கம் விட்டுவைத்திருக்கிறதே!

சந்தாவை நிறுத்தமாட்டேன், கவலை வேண்டாம். கடைக்கு வருகிறவர்கள் படிக்கிறார்கள். கேட்பது இவ்வளவுதான். அந்த முகாமின் போன் எண்ணை எந்த அளவு எழுத்தில் போட்டீர்களோ, அதே அளவில், அதே பக்கத்தில், குழந்தைகள் உதவி எண் 1098ஐ ஒரு வாரம் போடுங்கள். காசு கேட்டால் கட்டிவிடுகிறேன். 18,000 கட்டியவனுக்கு இது பெரிதில்லை.

அப்புறம், போன மாதம் எங்கள் வெண்ணாற்றை 'வெள்ளாறு' என்று போட்டிருந்தீர்கள். வெள்ளாறு வேறு ஆறு.

இப்படிக்கு,
உரக்கடைக்காரன்,
நீடாமங்கலம்.