ஜி.பி. ரோட்டில் பெல்ட் அளந்து கொடுத்த பெரியவருக்கு

போன சனிக்கிழமை மதியம், சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் பழைய அம்பாசடரின் பானெட்டைத் திறந்து வைத்து முழித்துக்கொண்டிருந்தவன் நான்தான் ஐயா. பேர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன், மன்னிக்கணும்.

வண்டியில் இருப்பது வேறொரு காரின் டீசல் எஞ்சின். ஏ.சி. கம்ப்ரசரையும் கழற்றியாச்சு, அதனால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை எஞ்சினோடு சேர்த்துச் சுழற்றும் பெல்ட் ஓடும் பாதையே மாறிப்போச்சு. "எந்த வண்டி, என்ன மாடல்?" என்று கேட்கும் கவுன்டரில் என்னத்தைச் சொல்ல? நூல் கட்டி அளந்து வாங்கிய இரண்டு பெல்ட்டும் தண்டம். ஒன்று ஏறவே இல்லை. இன்னொன்று தொளதொளவென்று கிடந்து கிறீச்சிட்டது.

டீ குடித்துக்கொண்டிருந்த நீங்கள் டம்ளரை வைத்துவிட்டு, குப்பையில் கிடந்த அறுந்த பெல்ட் ஒன்றை எடுத்தீர்கள். ஆல்டர்னேட்டரைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கச் சொல்லி, பெல்ட்டின் வரிகள் புல்லி சக்கரங்களின் பள்ளத்தில் உட்காரும்படி சுற்றி, முனை சேரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. பிறகு அதை நடைபாதையில் நீட்டி டேப் பிடித்தால் 1,028 மில்லிமீட்டர். "நூல் இழுபடும் தம்பி, பள்ளத்துக்குள்ளயும் இறங்கிடும். 6பிகே1030 கேளு." ஆறு என்பது வரி, 1030 என்பது மில்லிமீட்டரில் நீளம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மாட்டி, ஆல்டர்னேட்டரை நெம்பி இறுக்கியதும் சத்தமே இல்லை. நூறு ரூபாய் நீட்டியதற்கு முறைத்தீர்களே, அதற்கும் நன்றி. ஆறிப்போன அந்த டீ என் கணக்கு. சாக்பீஸ் கோடு போட்ட துண்டு இன்னும் டிக்கியில்தான் இருக்கிறது.