பேரன் சொன்ன 'ப்ளடி'

அன்புள்ள செல்விக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் உன் மகன் "இட்ஸ் ப்ளடி ஹாட் தாத்தா" என்றதும், கெட்ட வார்த்தை என்று நீ அவன் தொடையில் கிள்ளியதை நான் பார்த்துவிட்டேன். பாவம், ஏன் என்றே தெரியாமல் முழித்தான்.

எனக்கும் ஒரு நொடி திக்கென்றுதான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பில்லில் கூட்டல் தப்பாகி, மேனேஜர் ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி "ப்ளடி ஃபூல்" என்று கத்தி லெட்ஜரை மேசையில் அறைந்தார். அன்று டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன், சமையல் பிடிக்கவில்லையோ என்று உன் அம்மா முகம் வாடிவிட்டாள்.

அப்புறம் உட்கார்ந்து தேடிப் படித்தேன், ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை. ஜோனதன் ஸ்விஃப்ட் என்ற எழுத்தாளர், பாதிரியார் வேறு, 1711-இல் டப்ளினில் இருந்த தோழிக்கு எழுதும்போது இன்று நடக்கையில் 'ப்ளடி ஹாட்' என்று சர்வசாதாரணமாக எழுதியிருக்கிறார். உன் பிள்ளை சொன்ன அதே சொல்! நாம் 'பயங்கர வெயில்' என்கிறோமே, அந்த மாதிரிதான். 'பை அவர் லேடி' என்று மேரி மாதா பெயரில் இட்ட ஆணைதான் திரிந்து 'ப்ளடி' ஆனது என்று ஒரு கதை உண்டு, அறிஞர்கள் அதை நம்புவதில்லை. இப்போது யோசித்தால் எனக்கு அன்று சுட்டது பின்னால் வந்த 'ஃபூல்'தான்.

அது தீட்டானதெல்லாம் ஸ்விஃப்ட் காலத்துக்குப் பிறகு. 1914-இல் லண்டனில் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில், நாகரிகம் கற்றுக்கொண்ட பூக்காரி எலைசா பெரிய மனிதர்களிடம் விடைபெற்றுக் கிளம்பும்போது, பூங்கா வழியே நடந்தா போகிறீர்கள் என்று கேட்டதற்கு "நாட் ப்ளடி லைக்லி", அதாவது அதற்கு வாய்ப்பே இல்லை என்றதும் அரங்கமே அதிர்ந்து சிரித்ததாம். பத்திரிகைகளில் ஒரே அமளி. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை வாயில் எடுக்கக் கூசியவர்கள் "நாட் பிக்மேலியன் லைக்லி" என்று சொல்லிச் சமாளித்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

உங்கள் ஆஸ்திரேலியாவோ 2006-இல் சுற்றுலா விளம்பரத்திலேயே 'ப்ளடி ஹெல்' என்று போட்டு உலகத்தைக் கூப்பிட்டது. பிரிட்டிஷ் டிவியில் முதலில் தடை, பிறகு விட்டுக்கொடுத்தார்கள். அந்தச் சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர்களே கூச்சப்பட்டால் எப்படி?

அதனால் அவனைக் கிள்ளாதே. யார் மேலும் ஏவாமல் வெயிலைப் பார்த்துச் சொல்கிற வரை சொல்லட்டும். அடுத்த மாதம் உன் மாமியார் அங்கே வரும்போது மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்.

அப்பா